கடையிலேயே ஒக்காந்தாச்சு

கோதண்டபாணி பட்டு மாளிகையில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தை அல்ல. 'ஒக்காரு' என்பதுதான் அந்தச் சொல்.

அது காதில் விழுந்தால் போதும், முதலாளி கோதண்டபாணி கல்லாப்பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எதிரில் முன்பு உரக்கடை இருந்தது. அதன் சொந்தக்காரர் ஒருநாள் வாசலில் நின்று, "வியாபாரம் ஒக்காந்துட்சி, பாணி" என்று விளையாட்டாகச் சொன்னார். அடுத்த பொங்கலுக்குள் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டது. இப்போது அங்கே செல்போன் கடை. அன்றிலிருந்து பட்டு மாளிகையில் வாடிக்கையாளரைக்கூட யாரும் உட்காரச் சொல்வதில்லை. "இருங்கம்மா, இருங்க" என்று குஷன் ஸ்டூலைக் காட்டுவார்கள். புதிதாக வருகிறவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். ஸ்டூலைத் தட்டிக் காட்டிய பிறகுதான் விஷயம் புரியும்.

சொல்லுக்கே தடை என்றால் செயலைப் பற்றிக் கேட்க வேண்டாம். விற்கிற பெண்கள் காலையில் ஷட்டர் ஏறும்போது நிற்கத் தொடங்கினால் ஷட்டர் இறங்கும்வரை நிற்பார்கள். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோதண்டபாணி. கேட்டால், "நான் எங்க... கல்லாவுக்குக் காவல் கீறேன்" என்பார். இன்னொருத்தி கண்ணாடிக்குப் பின்னால் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருக்கும் பொம்மை.

பட்டுப் பிரிவு அனுசுயாவுக்கு அந்தப் பொம்மையைக் கண்டால் ஆகாது. தினமும் அதற்குப் புடவை மாற்றுகிறவள் அவள்தான். "சொகுசப் பாரு. சம்பளமும் இல்ல, கால்வலியும் இல்ல" என்று அதன் கன்னத்தில் இடிப்பாள்.

அவளுக்குக் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஒரே இடத்துல நிக்கக் கூடாது. நடுநடுவுல ஒக்காரணும்" என்றார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள் அனுசுயா. காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

இப்படியே நின்றால் புண்ணாகும், வேலையை விட்டுவிடுங்கள் என்றும் டாக்டரம்மா சொன்னார். அதை மட்டும் இன்னொரு வாட்டி கேட்கவில்லை. வேலை அவளுக்குப் பிடிக்கும். மடித்த பட்டை ஒரு சுண்டு சுண்டினால் போதும், முந்தானை காற்றில் ஓடி வந்து வாடிக்கையாளர் மடியில் சரியாக விழும். அந்த அம்மாளின் முகம் அப்போது போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே அவள் கே.ஜி.கண்டிகையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

ஸ்டூல் இல்லாமல் இல்லை. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்தபோது கோதண்டபாணி உடனே நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல்களை வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, குடோனில் வைத்தார். கவரைக்கூடப் பிரிக்கவில்லை. "ஸ்டூலு இருக்கணும்னுதான சட்டம்? இருக்குது" என்றார்.

மே தினத்துக்கு மறுநாள் காலை, குழந்தைகள் துணிப் பிரிவு மரியபுஷ்பம் நேராகக் கல்லாவுக்கு வந்தாள்.

"மொதலாளி, நேத்து எங்க கோயில்ல சூசையப்பர் திருநாளு."

"யாரும்மா அவரு? மேஸ்திரியா?"

"தச்சரு. ஏசுவ வளத்த நைனா. கையால வேல செஞ்சி புள்ளைய ஆளாக்கினவரு. அதான் மே ஒண்ணாந்தேதி அவருக்கு வெச்சிகீறாங்க. ஃபாதர் பிரசங்கத்துல சொன்னாரு, வேல மனுசனுக்காகத்தான், மனுசன் வேலைக்காக இல்லன்னு. விக்கற சரக்கவிட விக்கற ஆளு ஒசத்தின்னாரு."

"ஃபாதர் கட வெச்சிகீறாரா?"

"இல்ல."

"அதான்."

மரியபுஷ்பம் விடுவதாக இல்லை. "ஆண்டவரே ஆறு நாளு ஒலகத்தப் படைச்சிட்டு ஏழாம் நாளு..." வாய்வரை வந்த சொல்லை விழுங்கினாள். "ஏழாம் நாளு இருந்தாரு."

"ஆறு நாளு நின்னாருல்ல? நீயும் நில்லு. ஏழாம் நாளு ஒனக்கும் லீவு வுடறேன்ல?" கோதண்டபாணி வாசல் பக்கம் கையைக் காட்டினார். "இன்னா பேசறீங்க நீங்க. மலைமேல பாரு. முருகரே நின்னுகினுதான் கீறாரு. காலு வலிக்குதுன்னு என்னிக்கினா சொன்னாரா?"

அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த அனுசுயா திரும்பினாள். "அவரு சண்ட முடிச்சி கோவம் தணியத்தான மொதலாளி இங்க வந்தாரு? இந்த ஊரே ரெஸ்ட் எடுக்க வந்த ஊருதான்."

"நின்னுகினே ரெஸ்ட் எடுத்தாரு!"

பில் போடும் கல்பனாகூட, "பாயிண்டுதான்" என்று முணுமுணுத்தாள்.

அனுசுயா துணியை மடித்து வைத்தாள். "அப்ப நான் இந்த மாசத்தோட நின்னுக்கறேன், மொதலாளி."

"தெனம் நின்னுகினுதான கீற?"

"அந்த நிக்கறது இல்ல. வேலைய வுட்டு நின்னுக்கறேன். டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

கோதண்டபாணி கல்லாவைத் தொட்டார். முகூர்த்த மாதம். அனுசுயா விரிக்கிற விரிப்பில்தான் பட்டு போகிறது. அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"சரி" என்றார். "இன்னிக்கி ஒரு நாளு. ஸ்டூல எடுத்து வெச்சிக்குங்க. அந்த வார்த்தைய மட்டும் எவளும் சொல்லக் கூடாது. சாயந்தரம் வெளக்கு வெக்கசொல்ல பாப்பேன். வியாபாரம் டல்லடிச்சிதுன்னு தெரிஞ்சிது, ஸ்டூலு குடோனுக்கு. அப்பறம் நீ நின்னாலும் சரி, நின்னுகினாலும் சரி."

மரியபுஷ்பம் குடோனுக்கு ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று வழியில் நின்றுவிட்டது.

அனுசுயா ஒரு ஸ்டூலைப் பட்டு அலமாரியின் முன்னால் போட்டாள். சுற்றிலும் பார்த்தாள். கொசுவத்தைச் செருகினாள். திருடப் போகிறவளைப் போல மெல்ல இறங்கினாள். பாதி வழியில் முழங்கால் தயங்கியது. இந்தக் கடைக்குள் அது இவ்வளவு தூரம் மடங்கியதே இல்லை.

உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் சிரிப்பு வந்தது. பாதத்தில் புறப்பட்டு, ஆடுசதை வழியாக ஏறி, வயிற்றைக் கிச்சுக்கிச்சு மூட்டி, வாய்க்கு வந்து சேர்ந்தது. அடக்கப் பார்த்தாள். மூக்கு வழியாக வந்தது. கடை வேறு கடையாகத் தெரிந்தது. மேசையின் அடிப்பக்கத்தில் யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் வானத்து நட்சத்திரம்போல் இருந்தன. மின்விசிறிக் காற்று முகத்துக்கு வந்தது. இத்தனை நாளும் அது தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். பொம்மையும் அவளும் ஒரே உயரம்.

"இன்னாடி?" என்றாள் பொம்மையிடம்.

மரியபுஷ்பம் குழந்தைச் சட்டைகளுக்கு நடுவில் உட்கார்வதும் எழுவதும் உட்கார்வதுமாக இருந்தாள். "சும்மா, செட் ஆவுதான்னு பாக்கறேன்" என்றாள்.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது அனுசுயாவுக்கு. புருஷன் கந்தன் ஆட்டோ ஓட்டும்போது போன் எடுக்க மாட்டான். அண்ணன் வேடியப்பன் நினைவுக்கு வந்தார். திருவாலங்காட்டில் கரும்பு வெட்டி லோடு ஏற்றுகிறவர். போன பண்டிகைக்கு வந்தபோது அவள் காலைப் பார்த்துவிட்டு வடையைக் கீழே வைத்தவர்.

ஆனால் கடைக்குள் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. அனுசுயா ஸ்டூலோடு டிரையல் ரூமுக்குள் போனாள். திரையை இழுத்துவிட்டாள். உட்கார்ந்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"ண்ணா. ஒக்காந்தாச்சு."

"ஆங்? இன்னாது?" பின்னால் டிராக்டர் உறுமியது.

"ஒக்காந்தாச்சு! கடையிலயே! இப்பத்தான்!"

மறுமுனையில் யாரையோ அதட்டும் சத்தம். டிராக்டர் நின்றது. வேடியப்பனின் குரலும் இறங்கியது. "மெய்யாலுமா?"

"மெய்யாலுமேதான். சத்தமா பேச முடியல. மொதலாளி கீறாரு."

"பேசாத, பேசாத. ஆம்பளைங்க காதுல எதுக்கு. அழுக கிழுக வந்துதா?"

"சிரிப்புதாண்ணா வருது."

"சிரிக்கட்டும், நல்லதுதான். அந்த எடத்த வுட்டு அசையக் கூடாது, சொல்லிட்டேன். நான் வரேன்."

போன் நின்றது. அனுசுயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கச்சி உட்கார்ந்ததைப் பார்க்கக் கரும்பைப் போட்டுவிட்டு வருகிறார். எந்த அண்ணன் வருவான்? ஸ்டூலோடு அலமாரிக்குத் திரும்பி, அவர் வரும்வரை அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது என்று முடிவு செய்தாள்.

பகல் ஏறியது. வெயிலும் ஏறியது. ரோட்டில் தார் பளபளத்தது. மலைக்குப் போகிறவர்கள் நிழல் பார்த்து எதிர்ப்பக்கமாகவே போனார்கள். பட்டு மாளிகைக்குள் யாரும் வரவில்லை. ஒரு நிழல் வாசலில் விழுந்தால் மூன்று பேரும் விருட்டென்று எழுந்து, "வாங்கம்மா!" என்பார்கள். நிழல் போய்விடும். மூன்று பேரும் உட்காருவார்கள். மறுபடி நிழல். மறுபடி "வாங்கம்மா!" ஒருமுறை வந்தது மாடு. அதையும் மரியாதையாகத்தான் வரவேற்றார்கள்.

கோதண்டபாணி கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்டூல்களைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

பிற்பகலில் ஒருவழியாக ஓர் அம்மாள் படியேறி வந்தாள். கையில் குடை. வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். மூன்று ஸ்டூல்கள், மூன்று பெண்கள்.

"இன்னா, எல்லாரும் ஒக்காந்துகினு கீறீங்க? வியாபாரம் ஒக்காந்துட்சா?"

கேட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

கோதண்டபாணியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைக் கடையே பார்த்தது. கல்லாவை இரண்டு கையாலும் தொட்டார். பிறகு எழுந்து நேராக அனுசுயாவிடம் வந்தார்.

"போதும். ஸ்டூல குடு."

"வெளக்கு வெக்கல, மொதலாளி."

"எழுந்திரும்மா."

"வெளக்கு வெக்கறவரைக்கும்னு சொன்னீங்க."

அவர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தார். அவள் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டாள். இந்த ஸ்டூல் போனால் வேலையும் போகும். அலமாரியில் அடுக்கிய பட்டுகளை ஒருமுறை பார்த்தாள். பிடியை இன்னும் இறுக்கினாள். அவர் மெல்ல இழுத்தார். ஸ்டூல் அவளையும் சேர்த்துக்கொண்டு தரையில் ஒரு ஜாண் நகர்ந்தது.

"மொதலாளி, விடுங்க!"

"நீ வுடு!"

அப்போதுதான் பம்பை மேளம் கேட்டது.

தூரத்தில் கேட்டது பக்கத்தில் வந்தது. பஜாரே திரும்பிப் பார்க்க, ஒரு குட்டியானை வண்டி கடை வாசலில் வந்து நின்றது. வண்டி நிறையப் பச்சைத் தென்னை ஓலை. ஓலைக்கு நடுவில் பெண்கள். பெண்கள் கையில் தாம்பாளங்கள். மஞ்சள், பழம், புட்டு, உளுந்து களி, நல்லெண்ணெய். பின்னால் பம்பைக்காரர்கள் இருவர். முன்னால் ஜரிகை வேட்டி, தலைப்பாகை, கழுத்தெல்லாம் வியர்வையோடு வேடியப்பன் குதித்து இறங்கினார்.

"எங்க? எங்க ஒக்காந்துகினு கீது எங் கண்ணு?"

கோதண்டபாணி ஸ்டூலை விட்டுவிட்டுக் கல்லாவுக்கு ஓடித் தொட்டார்.

"ஒக்காந்த எடத்துலயே கீதா?"

மறுபடி தொட்டார்.

"ஒக்கார வெச்ச எடத்த வுட்டு அசைக்கலியே?"

இந்த முறை கையை எடுக்கவில்லை. கல்லாவின் மேலேயே வைத்துக்கொண்டார்.

அனுசுயா தாம்பாளங்களைப் பார்த்தாள். ஓலையைப் பார்த்தாள். அந்தப் பக்கத்துப் பேச்சில் ஒரு பெண் 'ஒக்காந்துட்டா' என்றால் பெரியவளாகிவிட்டாள் என்றும் பொருள். அந்தச் செய்தி முதலில் தாய்மாமனுக்குத்தான் போகும். கிசுகிசுத்துத்தான் போகும். தாய்மாமன் பச்சை ஓலையோடும் சீரோடும் வர வேண்டும். அனுசுயாவின் மகள் கயல்விழி எட்டாவது எழுதிவிட்டு லீவில் வீட்டில் இருக்கிறாள். எல்லாம் அவள் தலைக்குள் சீரியல் பல்பு மாதிரி ஒவ்வொன்றாக எரிந்தது.

"கயலு எங்க?" என்றார் வேடியப்பன்.

"ஊட்ல, ண்ணா."

"ஊட்டுக்கு அனுப்பிச்சிட்டியா? நடக்க வெச்சா?"

"அது இங்க வரவே இல்ல. ஊட்ல டிவி பாத்துகினு கீது."

"கடையிலயே ஒக்காந்தாச்சுன்னு சொன்ன?"

"ஆமா." அனுசுயாவின் குரல் சுருங்கியது. "நான்தாண்ணா ஒக்காந்தேன்."

பம்பை நின்றது. அண்ணி கவிதா தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த வயசுலயா?"

சிரிப்பில் முதலில் வெடித்தவள் மரியபுஷ்பம். குழந்தைச் சட்டைகளின்மேல் சரிந்து சிரித்தாள். ஹேங்கர்கள் உதிர்ந்தன. கல்பனா பில் மெஷின்மேல் தலையை வைத்துக்கொண்டாள். தாம்பாளப் பெண்கள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பம்பைக்காரர் வெங்கடேசன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது.

வேடியப்பன் சிரிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்தார். "கரும்ப பாதியில வுட்டுட்டு வந்தேன். ஊருக்கே சொல்லிட்டேன். இப்ப ஓலையோட திரும்பிப் போனா, கட தேடிப்போயி சீர் செஞ்ச தாய்மாமன்னு எனக்குப் பட்டப்பேரே வெச்சிடுவானுங்க." பிறகுதான் அவர் கண் நீல ஸ்டூலுக்குப் போனது. அதை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கும் தங்கைக்குப் போனது. "ஆமா, இத ஏன் இப்பிடி புடிச்சிகினு கீற?"

"மொதலாளி எடுத்துடறேன்றாரு."

"எத?"

"ஸ்டூல."

வேடியப்பன் அவள் காலைப் பார்த்தார். புடவைக்குக் கீழே கணுக்காலில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. கல்லாப் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ஏங்க. எந் தங்கச்சி இங்க வேலைக்கு சேர்றப்ப கயலு கைக்கொழந்த. அப்ப நின்னது இன்னிக்கித்தான் ஒக்காந்துகீது. சரிதானுங்களா?"

"கடைக்குள்ள அந்த வார்த்த வேணாங்க."

"எந்த வார்த்த?"

"அதான்... அந்த..."

"ஒக்காந்ததா?"

கோதண்டபாணி கல்லாவைத் தொட்டார். "மொதலாளி, பெட்டி தேஞ்சிடும்" என்றாள் கல்பனா.

"வயசுக்கு வந்து ஒக்கார்றது அதுவா நடக்கறது" என்றார் வேடியப்பன். "அதுக்கே நாம எத்தினி தட்டு வெக்கறோம். இது இத்தினி வருசம் நின்னு, ஒழைச்சி, கேட்டு வாங்கி ஒக்காந்துகீது. இதுக்கு ஒரு சீரு இல்லியா? இதுக்குத்தாங்க மொதல்ல வெக்கணும். வெங்கடேசா, அடி!"

வெங்கடேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தார்.

கவிதா மஞ்சளைக் குழைத்தாள். அனுசுயாவின் கன்னத்தில் தடவினாள். நெற்றியில் குங்குமம். "சிரிக்காத, மஞ்சா மூக்குல போவுது" என்றாள். "நீங்க சிரிக்காம இருங்க அண்ணி" என்றாள் அனுசுயா. இருவராலும் முடியவில்லை. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். பாட்டில் பூத்த பொண்ணு, பருவப் பொண்ணு என்றெல்லாம் வந்தது. வந்த இடத்திலெல்லாம் சிரிப்பு வெடித்தது. மரியபுஷ்பம் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டாள்.

"எனக்கும் வைங்க."

"ஒனக்கு தாய்மாமன் எங்கடி?"

"எனக்கு சூசையப்பர் கீறாரு." சிலுவை போட்டுக்கொண்டு கன்னத்தைக் காட்டினாள்.

கோதண்டபாணி ஓரடி முன்னால் வந்தார், ஓரடி பின்னால் போனார். நலங்கு வைத்த பெண்ணிடமிருந்து ஸ்டூலைப் பிடுங்க அவருக்குத் துணிவு வரவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் எதையாவது இழுத்தால், அதைவிட வியாபாரத்துக்குக் கேடு வேறு என்ன இருக்கிறது? வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மலைக்குப் போக வந்தவர்கள், செல்போன் கடைக்காரர்கள், பூக்காரிகள். நகரிப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக்கார அம்மாள் ஒருத்தி முண்டியடித்து உள்ளே வந்தாள்.

"ஏமி விசேஷம்?"

"மா அக்கா கூர்ச்சுந்தி" என்றாள் மரியபுஷ்பம். எங்கள் அக்கா உட்கார்ந்தாள்.

"அந்தேனா?"

"அந்தே."

அவ்வளவுதானா என்று அந்த அம்மாள் யோசித்தாள். பிறகு, அவ்வளவுதானே வேண்டும் என்பதுபோல ஒரு குஷன் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தாள். கோதண்டபாணியின் கை கல்லாப் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. தெலுங்கில் சொன்னால் தோஷம் உண்டா என்பது அவருக்கு உடனே பிடிபடவில்லை.

"சீர்ல பொடவ இல்ல" என்று கவிதா நினைவுபடுத்தினாள். "இங்கியே எடுத்துக்கலாம்னுதான வந்தோம்."

'புடவை' என்றதும் அனுசுயா பழக்கத்தில் எழுந்தாள். கவிதா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "சீர் வாங்கறவ எழுந்துக்கக் கூடாது."

"அப்ப யாரு காட்டறது?"

எல்லோரும் கோதண்டபாணியைப் பார்த்தார்கள்.

அவர் புடவை விரித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. மேசைக்குப் பின்னால் போய் நின்றார். ஒரு பட்டை எடுத்துச் சுண்டினார். முந்தானை எழும்பி, திரும்பி, அவர் தலையிலேயே விழுந்தது. கூட்டம் கைதட்டியது. அனுசுயாவுக்கு உதவத்தான் தோன்றியது. ஆனால் அவள் இப்போது வாடிக்கையாளர். வாடிக்கையாளர்கள் பேசுவதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"அது வேணாம். மேல்தட்டுல அந்த அரக்கு... அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க. இதே பார்டர்ல வேற கலர் கீதா? உள்ள ஸ்டாக் இருக்குமே, பாருங்களேன். வேணாம், மொதல்ல காட்டினீங்களே, அதையே இன்னொரு வாட்டி விரிங்க."

கோதண்டபாணி ஏறினார், இறங்கினார், விரித்தார், மடித்தார். தெலுங்குக்கார அம்மாளும் அந்த அரக்கைக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் பச்சையைக் கேட்டாள். விசேஷம் நடக்கிற கடையில் புடவை எடுத்தால் நல்லது என்று யாரோ சொல்ல, வாசலில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். சட்டை முதுகில் ஒட்டியது. மேசையில் பட்டு மலைபோல் குவிந்தது. ஒரு காலில் நின்றார். கால் மாற்றினார். மேசையில் சாய்ந்தார். கண்கள் வாடிக்கையாளர்மேல் இருக்க, கை மட்டும் பின்னால் எதையோ தேடித் துழாவியது.

கல்பனா சத்தமில்லாமல் தன் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

கோதண்டபாணி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே அடுத்த பட்டைச் சுண்டினார். முந்தானை ஓடிப்போய் அனுசுயாவின் மடியில் சரியாக விழுந்தது.

"ஒக்காந்துட்டாரு!" என்று கத்தினாள் மரியபுஷ்பம்.

"மொதலாளி ஒக்காந்துட்டாரு!" கடை முழுக்கக் கத்தியது. பம்பை எகிறியது. கவிதா ஆலத்தித் தட்டோடு வந்து அவரை மூன்று முறை சுற்றினாள். அவர் "ஐயோ, இன்னாம்மா இது" என்று சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் மஞ்சள் ஏறிவிட்டது. ஒரு பக்கம்தான் ஏறியது. கவிதா அவர் முகவாயைத் திருப்பி மறுபக்கமும் தடவினாள். அவருக்கு வாய் கோணியது. அழப்போகிறார் என்றுதான் அனுசுயா நினைத்தாள். சிரித்தார். மூக்கு வழியாக வந்தது.

அனுசுயா மடியிலிருந்த பட்டைத் தடவிக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள். சத்தம் குறையக் காத்திருக்கவில்லை.

"மொதலாளி. நாளைக்கி?"

அவர் தெலுங்குக்கார அம்மாளுக்கு ஊதாவைக் காட்டினார். பூக்காரிக்குப் பச்சையை மடித்தார். காலை நீட்டி, விரல்களை அசைத்துப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து குடோன் சாவியை எடுத்து மேசைமேல் தள்ளினார்.

"மீதியும் கீது உள்ள. கவரப் பிரிச்சிடு. நாளைக்கின்னு இன்னா, தெனந்தான். ஆனா கஸ்டமர் வந்தா எழுந்துக்கணும்."

"எழுந்துக்கறேன், மொதலாளி. ஆனா நின்னுகினு சுண்டினா எங்க வுழுதுன்னுதான் பாத்தமே" என்றாள் அனுசுயா. முதல் முந்தானை அவர் தலையில் விழுந்ததை எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மறுபடி சிரிப்பு.

சாவியோடு எழுந்தவள் குடோனுக்குப் போகும் வழியில் பம்பைக்காரர்களைப் பார்த்தாள். வெங்கடேசன் தோளில் பட்டை அழுந்தி, சட்டை நனைந்து, இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். கூட இருந்தவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் அடித்தார். திருவாலங்காட்டில் புறப்பட்டபோது வண்டியில் நிற்கத் தொடங்கியவர்கள். அதற்கு முன்னும் எந்த விசேஷத்திலும் அவர்களை நின்று பார்த்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

உள்ளே போய்க் கவரைக் கிழித்தாள். சிக்கிக்கொண்டிருந்த ஸ்டூல்களை உதறிப் பிரித்தாள். இரண்டைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் போட்டாள்.

"ஒக்காருங்கண்ணா."

கோதண்டபாணி கல்லாப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் ஊதாப் பட்டை விரிப்பதில் இருந்தார்.

வெங்கடேசன் ஸ்டூலைப் பார்த்தார். "வேணாம்மா. நாங்க ஒக்காந்து அடிச்சது இல்ல. ஒக்காந்தா சத்தம் வராது."

"அடிச்சிப் பாருங்க."

அவர் வேடியப்பனைப் பார்த்தார். வேடியப்பன் தலையாட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில், மெல்ல இறங்கினார்கள். வெங்கடேசன் பம்பையை மடியில் ஏற்றி, ஒருமுறை செருமி, குச்சியை ஓங்கினார்.

மலைப்படி வரைக்கும் கேட்டது.